பிரான்சில் பேஸ்ட்ரியும் சாக்லேட்டும் கற்கச் செல்வோர் பணம் கட்டுவதற்கு முன்

பிரான்சுக்குச் சென்று பேஸ்ட்ரியும் சாக்லேட் தயாரிப்பும் கற்க விரும்பும் நம் பிள்ளைகள் என்னைப் போல் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2023-இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா வென்ற செய்தியைப் படித்த நாளிலிருந்தே எனக்கு அந்த ஆசை இருந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒரு முகவரைச் சந்தித்தேன். லியோன் நகருக்கு வெளியே ஒரு தனியார் பயிற்சி நிலையம், ஆங்கில வழியில் ஆறு மாதப் பாடம், முடிவில் பிரெஞ்சு டிப்ளமா, நல்லதொரு கடையில் ஸ்டாஜ் பயிற்சி, அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை தேட அனுமதி என்று அவர் உறுதி கூறினார். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 13 லட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பில் 22 பேர் இருந்தோம். பளிங்கு மேசையோ ஒன்றுதான். மாவில் வெண்ணெயை மடித்து அடுக்கும் வேலையை ஒரே ஒரு காலையில் செஃப் செய்து காட்டினார். மற்ற நாள்களில் உறைய வைத்துப் பெட்டியில் வந்த குரோசான்களை ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்தோம். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாக்லேட்டில் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

டெம்பரிங், அதாவது சாக்லேட்டைப் பக்குவமாக உருக்கி ஆற்றும் முறை, தெரியாதவர் சாக்லேட் தொழில் தெரியாதவர். கொக்கோ வெண்ணெய் மிகுந்த கறுப்புக் கூவெர்த்யூர் சாக்லேட்டை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வரை உருக்கி, 28 பாகைக்கு இறக்கி, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றினால்தான் அந்த வெண்ணெய் சரியான படிகமாக உறைந்து, அச்சிலிருந்து பளபளப்பாகக் கழன்று வரும். எங்கள் வகுப்பிலோ வெப்பமானியைச் சரியாகப் பார்க்காமலே ஒவ்வொரு முறையும் பளபளப்பு வந்தது. கை பழகிவிட்டது என்று நம்பி மகிழ்ந்தோம். நான்காம் மாதம் சரக்கறையிலிருந்து வாளியைத் தூக்கி வரும்போதுதான் அதன் சீட்டைப் படித்தேன்: சர்க்கரை, தாவரக் கொழுப்பு, கொழுப்பு நீக்கிய கொக்கோத் தூள். கேக்கின் மேல் ஊற்றுவதற்கான பாத் அ கிளாசே அது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு இருப்பதால் டெம்பரிங் செய்யாமலே உறையும். தன்னளவில் அது கெட்ட பொருள் அன்று. ஆனால் சாக்லேட் கற்க வந்தவர்களிடம் அதைக் கொடுத்துப் பழக்குவது, நீச்சல் கற்க வந்தவரை முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்க வைப்பதற்குச் சமம்.

ஸ்டாஜ் பயிற்சிக்கு நானே ஒரு கடையைத் தேடினேன். அந்தக் கடைக்காரர் என்னை நம்பி ஒரு கிலோ கூவெர்த்யூரைக் கொடுத்தார். அரை மணி நேரம் ஆகியும் அது அச்சைவிட்டுக் கழலவில்லை. விளிம்பெங்கும் சாம்பல் நிறக் கீற்றுகள் படர்ந்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சுரண்டி மீண்டும் உருக்கும் பாத்திரத்தில் போட்டார். அப்படியும் என்னைச் சேர்த்துக்கொள்ள அவர் முன்வந்தபோது, மாணவர், நிலையம், கடை ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டிய கோன்வான்சியோன் த ஸ்டாஜ் என்னும் ஒப்பந்தத்தைத் தங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்று கூறி நிலையம் தர மறுத்துவிட்டது.

முடிவில் கிடைத்தது வருகைச் சான்றிதழ் மட்டுமே. இரண்டு ஆண்டுகள் தங்கும் சலுகை முதுகலைக்கு நிகரான பட்டம் பெற்ற இந்தியர்களுக்கானது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒப்புகையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். நான் கையெழுத்திட்ட பிரெஞ்சு ஒப்பந்தத்தில் பங்கேற்புச் சான்றிதழ் என்றுதான் எழுதியிருக்கிறது என்று பதில் வந்தது. முகவரோ தன் கட்டணம் விசா வேலைக்கு மட்டுமே என்று கைகழுவிவிட்டார்.

நிலையம் தரும் சான்றிதழுக்கு ஆர்.என்.சி.பி. என்னும் தேசியப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் பிரான்ஸ் கொம்பேத்தான்ஸ் என்னும் அரசு அமைப்பின் தளத்தில் நீங்களே இலவசமாகச் சரிபார்க்கலாம். இத்தொழிலின் அடிப்படை அரசுச் சான்றிதழ் சி.ஏ.பி. பத்திஸியே, அதன் தேர்வு பிரெஞ்சு மொழியில் நடக்கும் என்பதால், பிரெஞ்சு தேவையே இல்லை என்று சொல்பவரிடம் அந்தச் சான்றிதழைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். ஒரு மேசைக்கு எத்தனை பேர், எந்தச் சாக்லேட்டில் பயிற்சி, ஸ்டாஜ் ஒப்பந்தம் உண்டா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்பந்தத்தை பிரெஞ்சு அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பாரிஸின் லா சப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் என் ஒப்பந்தத்தைப் பத்து நிமிடங்களில் படித்துச் சொன்னார், ஆனால் நான் அவரிடம் போனது எல்லாம் முடிந்த பிறகு.

நான் இப்போது பிரெஞ்சு படித்துக்கொண்டு, தனித் தேர்வராக சி.ஏ.பி. எழுத ஆயத்தமாகிறேன். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதினால், என் ஒப்பந்தத்தின் நகலை அனுப்புகிறேன். உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.