டைக்கோஃபால்: நல்லா வேலை செஞ்ச மருந்துதான், ஆனாலும் வாங்காதீங்க

போன வாரம் டவுனில் ஒரு உரக்கடைக்குப் போய், குண்டுமல்லிக்குச் செம்பேன் மருந்து வேண்டும் என்றேன். கடைக்காரர் மேல் தட்டில் கையை விட்டு, தூசி படிந்த கால் லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். டைக்கோஃபால் 18.5 ஈசி, அதாவது 18.5 சதவீத மருந்து, தண்ணீரில் கலந்து அடிக்கிற வகை. "பழைய சரக்குங்கண்ணா, இனிமே வராது, எடுத்து வச்சுக்கோங்க" என்று ஏதோ சலுகை செய்கிற மாதிரி சொன்னார். வராதுதான், 2023 செப்டம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. காலாவதித் தேதியும் தாண்டியிருந்தது. காட்டினால், "மருந்து எங்கங்க கெட்டுப்போகுது" என்கிறார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடை பெயர் எதற்கு, நான் எழுத வந்தது மருந்தைப் பற்றி.

பல வருடம் அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சொன்ன வேலையைச் செய்த மருந்து. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக் கொண்டுவந்த ரோஜாச் செடி, மேலே குளிரில் தளதளவென்று இருந்தது, சேலத்து மார்ச் வெயிலில் மொட்டை மாடிக்கு வந்த மூன்றாவது வாரமே இலையெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி வெளுத்துப்போகும். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டால் வீண். இலையைத் திருப்பி, வெள்ளைத் தாளில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள், தூள் மாதிரி விழுந்தது கொஞ்ச நேரத்தில் நகர ஆரம்பிக்கும், விரலால் இழுத்தால் சிவப்பாகக் கோடு விழும். அதுதான் செம்பேன். முற்றிவிட்டால் இலைக்கடியில் நூலாம்படை கட்டும். எட்டுக் கால் உள்ளது, பூச்சியே கிடையாது, சிலந்தி வகை, அதனால் சாதாரணப் பூச்சி மருந்துக்கு அசையாது.

இதற்கு அப்போது லிட்டருக்கு 2.5 மில்லி டைக்கோஃபால் விடுவேன். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும், இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தால் மூன்று நாளில் தாள் சுத்தமாக இருந்தது. ரோஜா, மல்லி, கத்தரி, வெண்டை என்று எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான்.

அங்கேதான் சிக்கலும். இலைக்குள் ஊடுருவாத மருந்து, மேலே பட்ட இடத்தில் நிற்கும், சீக்கிரம் சிதையாது. கத்தரிக்காயை நாளைக்குப் பறித்துக் குழம்பு வைக்கிறவனுக்கு இது சரிப்படுமா? பிறகுதான் படித்தேன், இதைத் தயாரிப்பதே அந்தக் காலத்துக் கொசு மருந்தான டிடிடி-யிலிருந்து (DDT), மூலக்கூறும் கிட்டத்தட்ட அதேதான். 2019-லேயே, சீக்கிரம் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கு எதிராக உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, இது என் தப்பு. ரோஜாவில் இலைப்பேனுக்கு இமிடாக்ளோபிரிட் அடித்த ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் செம்பேன் பெருகியது. செம்பேனைத் தின்கிற பூச்சிகளை நானே கொன்றுவிட்டு, மிச்சமிருந்த, செம்பேனைப் பிடித்துத் தின்கிற இரைவிழுங்கிப் பேன்களை டைக்கோஃபாலால் தீர்த்திருக்கிறேன். நம்ம ஊர் மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்தபோது 2022-ல் ஏத்தாப்பூரில் அதை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்களே, அந்தப் புத்தி எனக்கு மாடியில் வரவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், காலையில் ஹோஸைப் பிடித்து இலைக்கடியில் வேகமாகத் தண்ணீர் அடிப்பேன், இரண்டு நாளைக்கு ஒரு தடவை. பாதி அதிலேயே போய்விடும். மீதிக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். சேலத்து உச்சி வெயிலில் அடித்து இலை கருகி ஒரு பன்னீர் ரோஜாவையே இழந்தேன். வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகமும் அடிக்காதீர்கள், அதுவும் கருக்கும். ஒரு தடவை அடித்து விட்டுவிடவும் கூடாது, வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும், அதற்குள் மறுபடி அடிக்க வேண்டும். டைக்கோஃபால் அளவுக்கு வேகம் இல்லைதான், ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

கடைக்காரரிடம் வீறாப்பாக வேண்டாம் என்று வந்தேனே தவிர, மோட்டார் ரூம் பரணில் என்னுடைய பழைய பாட்டில் இரண்டு விரல் உயரம் மிச்சத்தோடு இன்னும் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றக் கூடாது, தொட்டியிலும் ஊற்றக் கூடாது. இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டி, மேலே "விஷம்" என்று ஸ்கெட்சில் எழுதி, பேரன் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறேன்.