அதீனாவின் பிறந்த வீடு எது?

தெய்வங்களின் அரசன் ஜீயஸின் தலை பிளந்து, கையில் ஈட்டியோடு வெளியே குதித்தவள் அதீனா. போருக்கும் நெசவுக்கும் தெய்வம், ஏதென்ஸ் நகரத்தின் காவல் தேவியான அவளைப் பற்றிக் கிரேக்கர்கள் சொன்ன கதை இது. அதற்கு முந்தைய கதையைப் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்கிறார்: மெட்டிஸ் என்பவள் அவளைக் கருவில் சுமந்தபோது, அடுத்துப் பிறக்கும் மகன் தன் ஆட்சியைப் பறித்துவிடுவான் என்று அஞ்சிய ஜீயஸ், மெட்டிஸையே விழுங்கிவிட்டார். கதைப்படி அப்பா வீடு தெரிகிறது. வரலாற்றுப்படி இவள் எங்கே பிறந்தவள் என்று தேடியவர்கள் எகிப்து, லிபியா, சிரியக் கடற்கரை, கிரீஸின் பழைய அரண்மனைகள் என நான்கு திசைகளில் போயிருக்கிறார்கள். நான்கும் சம எடை கொண்டவை அல்ல.

எகிப்திலிருந்து தொடங்கலாம். நைல் டெல்டாவின் மேற்கே சாயிஸ் நகரம். அங்கே நெய்த் என்ற தேவி. கேடயமும் குறுக்கே வைத்த இரண்டு அம்புகளும் அவள் சின்னம். நெசவோடும் அவளுக்குத் தொடர்பு உண்டு. போரும் நெசவும் ஒரே தெய்வத்திடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்பதால் இந்த ஒற்றுமை உடனே கண்ணில் படும். பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சாயிஸ் தேவியை அதீனா என்றே குறிப்பிடுகிறார். பிளேட்டோவும் நெய்த்தும் அதீனாவும் ஒன்றே என்று எழுதினார். 1987-இல் மார்ட்டின் பெர்னல் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போய், பெயரே எகிப்திலிருந்து வந்தது என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. எனக்கும் இதில் பெரிய தயக்கம் உண்டு. ஹெரோடோட்டஸ் எகிப்தியத் தெய்வமான அமோனை ஜீயஸ் என்பார், ஒசிரிஸை டயோனிசஸ் என்பார். வெளியூர்த் தெய்வத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டுவது கிரேக்கர்களின் வழக்கம். அந்த வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவள் அங்கிருந்து வந்தவள் என்று முடிவுகட்ட முடியாது.

லிபியாவுக்கும் ஹெரோடோட்டஸ்தான் சாட்சி. டிரிடோனிஸ் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் ஒரு திருவிழா. பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து கல்லாலும் தடியாலும் மோதிக்கொள்வார்கள். காயத்தில் இறந்துபோனவள் உண்மையான கன்னி அல்ல என்பது அவர்கள் நம்பிக்கை. சண்டைக்கு முன் மிக அழகான பெண்ணைத் தேர்ந்தெடுத்து, தேரில் ஏற்றி ஏரியைச் சுற்றி அழைத்து வருவார்கள். அவள் தலையில் இருப்பது என்ன தெரியுமா? கொரிந்தியத் தலைக்கவசம்! கிரேக்கக் குடியேற்றங்கள் லிபியக் கடற்கரையில் வேரூன்றிய பிறகான காட்சி இது. கிரீஸிலிருந்து லிபியாவுக்குப் போன செல்வாக்கையே இது காட்டுகிறது. லிபியப் பெண்கள் உடுத்திய, ஓரத்தில் தோல் நாடாக்கள் தொங்கும் ஆட்டுத்தோல் ஆடைதான் அதீனாவின் மார்பில் பாம்புகள் சூழ்ந்த ஏஜிஸ் என்ற காப்பாடை ஆனது என்றும் அவர் சொல்கிறார். நல்ல கவனிப்புதான். ஆனால் அது உடைக்கு மட்டுமே விளக்கம் தருகிறது.

சிரியக் கடற்கரைத் தேவி அனத் இவர்களைவிட வலுவான போட்டியாளர். 1929-இல் தொடங்கிய அகழாய்வில் உகாரிட் நகரத்துக் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் அனத் முழங்கால் அளவு ரத்தத்தில் நடக்கிறாள். வெட்டிய தலைகளையும் கைகளையும் உடம்பில் கட்டிக்கொண்டு மகிழ்கிறாள். கன்னி, போர்த்தெய்வம் என்ற இரண்டும் பொருந்துகின்றன. சைப்ரஸில் கிடைத்த இருமொழிக் கல்வெட்டு ஒன்றில், ஃபினிசிய மொழியில் அனத் என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் அதீனா என்று இருக்கிறது. ஆனால் அது மிகவும் பிற்காலத்தது. குணமும் ஒத்துப்போகவில்லை. ரத்தவெறி கிரேக்கர்களிடம் இன்னொரு போர்த்தெய்வமான ஏரஸின் குணம். ஹோமரின் இலியட் காவியத்தில் அந்த ஏரஸைக் கல்லால் அடித்துச் சாய்ப்பவளே அதீனாதான்.

சரி, அரண்மனைக்கு வருவோம். கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1400 வாக்கிலான ஒரு சிறு பலகையில் லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்தில் 'அ-த-ன-பொ-தி-னி-ய' என்று பொறித்திருக்கிறது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்த பிறகுதான் இது புரிந்தது. 'அதனா' என்பது ஓர் ஊராகவும் இருக்கலாம், தெய்வத்தின் பெயராகவும் இருக்கலாம். 'பொத்னியா' என்றால் தலைவி. அதே பலகையில் கடல் தெய்வமான பொசைடனின் பெயரும் இருக்கிறது. அதீனாவோடு இணைக்க மற்ற மூன்று தரப்புக்கும் இவ்வளவு பழைய எழுத்துச் சான்று கிடையாது. கிரீஸின் பழைய அரண்மனை நகரமான மைசீனியில் கிடைத்த சுண்ணப்பூச்சுப் பலகை ஒன்றில், 8 வடிவக் கேடயத்துக்குப் பின்னால் ஓர் உருவம் நிற்கிறது, இருபுறமும் பெண்கள். அந்த உருவத்தின் தோல் வெள்ளை நிறம். அக்கால ஓவிய மரபில் அது பெண்ணுக்குரியது. அதீனா அரசனின் வீட்டையும் கோட்டையையும் காத்த தெய்வம் என்ற கருத்தை வலுவாக முன்வைத்தவர் மார்ட்டின் நில்சன் என்ற அறிஞர்.

இந்த விளக்கத்தை நான் விரும்புவதற்குக் காரணம், மற்றவை விட்டுவிடும் சின்னங்களையும் இது தொட்டு விளக்குகிறது. பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் கோயில் பாம்பு ஒன்று குடியிருப்பதாக ஏதென்ஸ்காரர்கள் நம்பி, மாதாமாதம் தேன் அப்பம் வைத்தார்கள். கி.மு. 480-இல் பாரசீகர்கள் வந்தபோது அப்பம் தின்னப்படாமல் கிடந்ததாம். தேவியே ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று மக்கள் இன்னும் வேகமாக வெளியேறினார்கள். வீட்டைக் காக்கும் பாம்பு அது. அங்கிருந்த அவளது ஒலிவ மரமும் அப்படித்தான்: பாரசீகர்கள் எரித்த மறுநாளே அதில் ஒரு முழத் தளிர் விட்டிருந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். நெசவு வீட்டுக்குள் நடக்கும் வேலை. ஹோமரின் ஒடிசியில் அதீனா ஏதென்ஸுக்கு வந்ததும் போய் நுழைவது எரெக்தியஸ் அரசனின் வீட்டுக்குள். அந்த அக்ரோபோலிஸ்தான் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் பெருங்கல் மதில் சூழ்ந்த மைசீனிய அரணாக இருந்தது.

ஆந்தைக்கு மட்டும் இந்த விளக்கம் போதாது. ஏதென்ஸ் நாணயத்தில் ஒருபுறம் தேவி, மறுபுறம் ஆந்தை என்று அது புகழ்பெற்றாலும், அது எப்படி அவளிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு நான்கு தரப்பிலுமே நல்ல பதில் இல்லை.

இலியட்டின் ஐந்தாம் பாடலில் ஒரு காட்சி: தானே நெய்து பூவேலை செய்த ஆடையைத் தந்தையின் வீட்டுத் தரையில் நழுவவிட்டு, ஜீயஸின் சட்டையை அணிகிறாள் அதீனா. மேலே ஏஜிஸ், அதில் அச்சம், சண்டை, வலிமை, பாம்புக் கூந்தல் அரக்கி கோர்கானின் தலை. போர்க்கோலம் இரவல், நெசவு அவளுடையது. எகிப்தும் அனத்தும் இந்த வரிசையை விளக்க மாட்டா.

ஒரு விஷயத்தில் மட்டும் கிழக்குத் தரப்புக்கு இடம் தருவேன். ஈட்டியை ஓங்கியபடி ஒரு கால் முன்வைத்து நிற்கும் அதீனாவின் சிறு வெண்கலச் சிலைகள், சிரியாவிலிருந்து வந்த, கை ஓங்கி நிற்கும் தெய்வச் சிலைகளைப் பார்த்துச் செய்தவை போலவே இருக்கின்றன. வீடு மைசீனியினுடையது, நிற்கும் தோரணை கடல்கடந்து வந்தது என்பதே என் தீர்ப்பு.