தோட்டத் தமிழ்ப்பள்ளியை எங்கே தேடுவது? நூலகப் பட்டியலா, ஸ்கோபஸா, கூகுள் ஸ்காலரா?

கோலாலம்பூரில் ஆய்வேடு தொடங்கும் மாணவர் காதில் முதலில் விழுவது "ஸ்கோபஸ்ல தேடிப் பாருங்க" என்பதுதான். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேட உதவும் சந்தாத் தரவுத்தளம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அது சரியான ஆலோசனை. மலேசியத் தமிழர் தொடர்பான தலைப்புக்கு அங்கே தொடங்கினால், "இதைப் பற்றி யாருமே எழுதவில்லை" என்ற தப்பான முடிவுக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கும். எழுதியிருக்கிறார்கள். நூலாக, லத்திஹான் இல்மியா எனப்படும் இளங்கலை ஆய்வேடாக, மாநாட்டு மலராக, உள்நாட்டு ஆய்விதழ்க் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடைக்காது, அவ்வளவுதான்.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகள், அதாவது தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான தமிழ்ப்பள்ளிகள், என்ற ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு, மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய நூலகம் ஒன்றின் வழியாக எட்டக்கூடிய கருவிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நூலகப் பட்டியல்

ஓபேக் என்று எல்லாரும் சொல்லும் நூலகப் பட்டியல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த நூலகத்தில் என்ன இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது? ஆய்விதழின் பெயர் அதில் இருக்கும். இதழுக்குள் வந்த கட்டுரையின் தலைப்பு இருக்காது. கட்டுரைத் தலைப்பை அப்படியே ஒட்டித் தேடிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் ஏராளம். கட்டுரை வேண்டுமானால் இதழின் பெயரைப் போட்டு, நூலகத்திடம் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தொகுதிகள் இருக்கின்றன என்ற வரியைப் பார்க்க வேண்டும்.

தமிழ் நூல்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. பழைய பதிவுகள் பலவற்றில் தலைப்பு தமிழ் எழுத்தில் இருக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ரோமன் எழுத்தில் இருக்கும். அந்த முறைக்கு உச்சரிப்பு பொருட்டே இல்லை, எழுத்துதான் கணக்கு. 'க' எங்கே வந்தாலும் 'கே'தான், ஒருபோதும் 'ஜி' ஆகாது. 'ச' என்றால் 'சி', 'எஸ்' அல்ல. 'த' எழுதும்போது கூடவே 'எச்' போடும் நம் வழக்கம் அங்கே கிடையாது. 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் 'எல்'லேதான்; கீழே கோடா புள்ளியா என்பதில் மட்டும் வேறுபாடு. ஆக, சங்கம் என்ற சொல்லை எஸ்-ஏ-என்-ஜி-ஏ-எம் என்று தட்டினால், தமிழில் வந்த நூல்கள் நழுவிவிடும். சி-ஏ-என்-கே-ஏ-எம் என்று தட்டினால் வரும். கோடும் புள்ளியும் போட வேண்டியதில்லை. பெரும்பாலான அமைப்புகள் அவற்றைக் கண்டுகொள்ளாது.

சந்தியையும் மறக்கக் கூடாது. 'தமிழ்ப் பள்ளிகள்' என்ற தலைப்பில் வலி மிகுந்த 'ப்' முதல் சொல்லோடு ஒட்டி நிற்கும். கணினிக்கு 'தமிழ்' வேறு, 'தமிழ்ப்' வேறு. 'மலேசிய', 'மலேசியத்', 'மலேசியாவில்' மூன்றும் அதே கதைதான். பகுதியை மட்டும் தட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் எல்லாம் சேர்ந்து வரும். சில பட்டியல்களில் நட்சத்திரத்துக்குப் பதில் வேறு குறி இருக்கும். உதவிப் பக்கத்தில் முதல் சில வரிகளிலேயே எழுதியிருப்பார்கள்.

ஆசிரியர் பெயரிலும் இந்தத் தகராறு உண்டு. சுப்பிரமணியம் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் 'எஸ்'ஸில் தொடங்குவார், தமிழில் எழுதிய நூலில் 'சி'யில் தொடங்குவார். ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பட்டியலில் உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவு சிக்கலையும் சுற்றிப் போக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தலைப்புக்குப் பொருத்தமான ஒரே ஒரு நூலைக் கண்டுபிடித்து, அதன் முழுப் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பு என்ற வரியில் இருக்கும் இணைப்பைச் சொடுக்குங்கள். மலேசிய இந்தியர் பற்றிய நூல்கள் பழைய பதிவுகளில் 'ஈஸ்ட் இந்தியன்ஸ் – மலேசியா' என்ற தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருக்கும். நாமாக நினைத்துத் தட்டக்கூடிய சொல்லா அது? சொடுக்கினால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் உள்ளவை ஒரே பட்டியலில் வரும். மற்ற எந்தக் கருவியும் இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

அலமாரிக்குப் போகும்போதும் ஒரு எச்சரிக்கை. தமிழ் நூல் என்றாலே பிஎல் வரிசை என்று நினைத்து நேரே அங்கே போய்விடக் கூடாது. காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் தமிழ் மொழியும் இலக்கியமும்தான் பிஎல்லில், 4751 தொடங்கி 4759க்குள் வரும். பள்ளி பற்றிய நூல் கல்விக்குரிய 'எல்' வரிசையில் இருக்கும். தோட்டத் தொழிலாளர் பற்றியது 'எச்டி'யில். மலேசிய இந்தியர் வரலாறு 'டிஎஸ்'ஸில். ஒரே தலைப்புக்காக நாலு பக்கம் நடக்க நேரிடும். ஆய்வேடுகளும் லத்திஹான் இல்மியாவும் தனிப் பகுதியில் இருக்கும். பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

ஒற்றைத் தேடல் பெட்டி

நூலக முகப்பில் பெரிதாக இருக்கும் ஒற்றைப் பெட்டி ஓபேக் அல்ல. எப்ஸ்கோவின் டிஸ்கவரி, எக்ஸ் லிப்ரிஸின் பிரைமோ போன்ற மென்பொருள்கள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நூலையும் கட்டுரையையும் ஒன்றாகக் கலந்து தரும். முதலாண்டு இடுபணிக்கு இது போதும். ஆய்வேட்டுக்குப் போதாது. எந்தத் தரவுத்தளத்திலிருந்து எவ்வளவு எடுத்தது என்பது வெளியே தெரியாது. நாளைக்கு அதே சொல்லைத் தட்டினால் அதே எண்ணிக்கை வரும் என்ற உறுதியும் இல்லை. தேடல் முறையை ஆய்வேட்டில் எழுதிக் காட்ட வேண்டியவர்கள் இதை நம்பி இறங்கக் கூடாது.

ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும்

இந்த இரண்டு தரவுத்தளங்களும் முழுக் கட்டுரையைத் தேடுவதில்லை. தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல், மேற்கோள் பட்டியல் இவைதான் உள்ளே இருக்கின்றன. இவற்றின் பலமே அந்த மேற்கோள் பட்டியல்தான்: ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதற்குப் பிறகு யார் யார் அதை எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கிப் போகலாம்.

ஸ்கோபஸை எல்செவியர் பதிப்பகம் 2004இல் தொடங்கியது. வெப் ஆஃப் சயன்ஸ் கிளாரிவேட் நிறுவனத்துடையது. அதன் வேர் 1964இல் வந்த அறிவியல் மேற்கோள் அட்டவணை. நம் தலைப்புக்கு ஸ்கோபஸ் ஒரு படி மேல், காரணம் மலேசிய ஆய்விதழ்கள் அதில் கூடுதலாக இருக்கின்றன. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிடும் 'கஜியான் மலேசியா' அதில் உண்டு. வெப் ஆஃப் சயன்ஸில் எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகலாம் என்பது நூலகம் வாங்கிய சந்தாவைப் பொறுத்தது. ஒரே தளம் இரண்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு எண்ணிக்கை காட்டினால் திகைக்க வேண்டாம்.

தேடல் சொல்லில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டுரை மலாயில் இருந்தாலும் ஸ்கோபஸில் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே அங்கே ஆங்கிலச் சொற்களை முன்னே வையுங்கள். 'தமிழ் ஸ்கூல்', 'வெர்னாகுலர் ஸ்கூல்', 'நேஷனல் டைப்' மூன்றையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்து ஓர் அடைப்புக்குறிக்குள், 'பிளான்டேஷன்', 'எஸ்டேட்' இரண்டையும் இன்னொன்றுக்குள், நடுவில் 'ஆண்ட்' (மற்றும்). அடைப்புக்குறியை விட்டுவிட்டால், எதை எதோடு சேர்ப்பது என்பதைத் தளமே முடிவு செய்யும், தளத்துக்குத் தளம் அது வேறுபடும். 'எஸ்டேட்' என்பதைத் தனியாக விட்டால் வீடு நிலம் விற்பனை பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். தேசிய வகைப் பள்ளியைக் குறிக்கும் எஸ்ஜேகே என்று எழுதி, தமிழைக் குறிக்கும் டி-யை அடைப்புக்குறிக்குள் போடும் பள்ளிப் பெயரை அப்படியே தட்டினால், அந்த அடைப்புக்குறியைத் தளம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், அல்லது குறியில்லாமல் சேர்த்து எழுதிய வடிவத்தையும் போட வேண்டும்.

ஒன்றில் எழுதிய தேடல் வரியை மற்றதில் ஒட்ட முடியாது. இரண்டு சொல்லுக்கு இடையே அதிகபட்சம் மூன்று சொல் இருக்கலாம் என்று சொல்ல ஸ்கோபஸில் 'டபிள்யூ/3', வெப் ஆஃப் சயன்ஸில் 'நியர்/3'. ஒன்றை விலக்க அங்கே 'ஆண்ட் நாட்', இங்கே வெறும் 'நாட்'. வேர்டில் தட்டிச் சேமித்த வரியில் மேற்கோள் குறி வளைந்து போயிருக்கும். தளத்தில் ஒட்டியதும் அதை நேர்க் குறியாக மாற்றிவிடுவது நல்லது. வெப் ஆஃப் சயன்ஸின் 'டாபிக்' தேடலில் இன்னொரு விநோதம்: கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் உள்ள தலைப்புகளிலிருந்து இயந்திரம் தானாக உருவாக்கிய திறவுச்சொற்களையும் அது சேர்த்துக்கொள்ளும். நம் சொல் எங்குமே இல்லாத கட்டுரை ஏன் வந்தது என்று குழம்புவதற்கு அதுவே காரணம். முடிவுகளை இறக்கும்போது, மேற்கோள் பட்டியலோடு சேர்த்து எடுத்தால் ஒரு தடவைக்கு 500 பதிவுதான் தரும்.

கூகுள் ஸ்காலர்

கூகுளின் இந்த இலவச ஆய்வுத் தேடுபொறி முழுக் கட்டுரைக்குள்ளும் புகுந்து தேடும். உள்நாட்டு இதழ், மாநாட்டுத் தொகுப்பு, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடக்கும் ஆய்வேடு எல்லாவற்றையும் எட்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஸ்கோபஸைவிட இங்கே நிறையக் கிடைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குப்பையும் கூடவே வரும். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழும் தரமான இதழும் ஒரே வரிசையில் நிற்கும். எத்தனை ஆயிரம் முடிவு என்று மேலே காட்டினாலும் 1000க்கு மேல் பார்க்க முடியாது. தேடல் வரி 256 எழுத்தைத் தாண்டக் கூடாது. நட்சத்திரக் குறியால் சொல்லை நீட்டும் வசதியும் இல்லை. இங்கே மலாய்ச் சொல் நன்றாக வேலை செய்யும்: 'செகோலா தமிழ்' (தமிழ்ப்பள்ளி) என்பதோடு 'லாடாங்' (தோட்டம்) சேர்த்துத் தனியாக ஒரு முறை தேடத்தான் வேண்டும்.

தமிழ் எழுத்தில் தேடும்போது ஒரு தடை இருக்கிறது. யூனிகோடு பரவும் முன் தட்டச்சான கட்டுரைகள் பாமினி, திஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும். பிரதியெடுத்து ஒட்டிப் பார்த்தால் சம்பந்தமில்லாத ரோமன் எழுத்துகள் வரும். தேடுபொறி கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' போன்ற இதழ்களை அவற்றின் சொந்தத் தளத்துக்கே போய், இதழ் இதழாக உள்ளடக்கத்தைப் புரட்டுவது இன்னும் நம்பகமான வழி. சலிப்பான வேலைதான்.

ஸ்காலரின் அமைப்புப் பக்கத்தில் நூலக இணைப்பு என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஐந்து நூலகம் வரை சேர்க்கலாம். நூலகம் சந்தா கட்டிய கட்டுரைக்குப் பக்கத்தில் இணைப்பு தெரியும்.

ஜேஸ்டோர்

பழைய ஆய்விதழ்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளம் இது. 1950க்கு முந்தைய விஷயத்துக்கு இதுதான். அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை 1878இல் தொடங்கிய இதழும், அதன் தொடர்ச்சியான மலேசியக் கிளை இதழும் இதில் தேடக் கிடைக்கின்றன. புதிய இதழ்கள் பலவற்றுக்குச் சில ஆண்டு இடைவெளி இருக்கும். கடைசி மூன்று ஐந்து ஆண்டுக் கட்டுரைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பழைய ஆவணத்துக்குப் பழைய சொல்லைத்தான் தட்ட வேண்டும். பினாங்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட்' என்றிருக்கும். தமிழரைக் 'கிளிங்' என்று எழுதியிருப்பார்கள். இன்று அது இழிசொல், ஆனாலும் அதைத் தட்டாமல் விட்டால் 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்கள் பாதி கிடைக்காது. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைப் பற்றித் தேடுகிறவர்கள் இந்தச் சொற்களை வைத்துத்தான் நகர வேண்டும்.

வீட்டிலிருந்து நுழைவது

கூகுளிலிருந்து நேரே பதிப்பகத் தளத்துக்குப் போனால் டாலரில் பணம் கேட்கும். அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியாது. நூலகத் தளத்தில் தரவுத்தளப் பட்டியலைத் திறந்து, மாணவர் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து சொடுக்கிப் போனால் முகவரியின் நடுவே நூலகத்தின் பெயர் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம். பல இடங்களில் 2 மணி நேரம் சும்மா விட்டால் கணக்கு மூடிவிடும். முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே சேமித்து வைத்தால் மறுநாள் திறக்காது. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணையோ நிலையான இணைப்பு என்று தளமே தருவதையோ சேமியுங்கள். நூற்றுக்கணக்கில் பிடிஎஃப்பை ஒரே மூச்சில் இறக்கினால், பதிப்பகம் பல்கலைக்கழகம் முழுவதையுமே தடுத்துவிடும். அதில் மற்ற மாணவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

பட்டம் வாங்கியதும் இந்தக் கணக்கு பொதுவாக முடங்கிவிடும். அதற்குப் பிறகு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் கைகொடுக்கும். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் 5 படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழக ஓபேக்கில் காணாத உள்ளூர்த் தமிழ் வெளியீட்டை, மேலே சொன்ன அதே ரோமன் எழுத்து வித்தையோடு அங்கேயும் ஒரு முறை தேடிப் பார்க்கலாம்.