'டனல் ஆஃப் லவ்': நெடுநாள் கேட்ட பின்னும் தீராத மனத்தாங்கல்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'டனல் ஆஃப் லவ்' ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 1987 அக்டோபரில் வெளிவந்த இந்த ஆல்பத்தை எல்பி எனப்படும் இசைத்தட்டு, சிடி, ஸ்ட்ரீமிங் என எல்லா வடிவங்களிலும் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். பாடல்களைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் 'வாங்குங்கள்' என்று ஒரே சொல்லில் பதில் தர மனம் வரவில்லை. அதற்குக் காரணம் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி.

இரண்டாவது பாடலான 'டஃபர் தேன் த ரெஸ்ட்' தொடங்கும்போதே அது வந்துவிடுகிறது. கனத்த, ஒரே சீரான தாள அடி. அதன்மேல் அறை முழுவதும் படர்ந்து நிற்கும் சிந்தசைசர் ஒலி. காதலில் அடிபட்ட ஒருவன், தன்னைப் போலவே அடிபட்ட ஒருத்தியிடம், 'நான் அழகன் அல்ல, இனிக்கப் பேசுபவன் அல்ல, ஆனால் தாங்குவேன்' என்ற பொருளில் பேசும் பாட்டு அது. அந்தக் குரல் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு கூச்சத்தோடு ஒலிக்கிறது. அதைச் சுற்றி எண்பதுகளின் பளபளப்பை ஏன் பூசினார்கள் என்ற கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை. நல்ல ஒலிபெருக்கி வாங்கினால் சரியாகும் என்று நினைத்திருந்தேன்; கருவி தெளிவாக ஆக ஆகப் பூச்சும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

இந்த ஒலி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆல்பமான 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' (1984) ஏழு பாடல்களை அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுபோனது. அரங்குகளை நிரப்பிய அந்தக் காலத்துக்குப் பின், ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியின் ரம்சனில் இருந்த தம் வீட்டிலேயே டிரம் மெஷின் (தானே தாளம் போடும் மின்னணுக் கருவி), கீபோர்டு, கிதார் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இப்பாடல்களைப் பெரும்பாலும் தனியாக உருவாக்கினார். அவருடன் வழக்கமாக வாசிக்கும் ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவினர் பிறகு ஆங்காங்கே வந்து வாசித்தார்கள். குழுவாக அவர்கள் ஒலிப்பதே இல்லை. அக்குழுவின் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் வாசிக்கும் சாக்சபோன் ஓரிடத்திலும் வரவில்லை. 'வென் யூ ஆர் அலோன்' பாடலில் அவர் பின்னணிக் குரல் கொடுத்ததோடு சரி. அவருடைய சாக்சபோனுக்காகவே ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு இது சிறிய இழப்பு அன்று.

ஆல்பம் வெளிவந்தபோது ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயது 38. நடிகை ஜூலியான் பிலிப்ஸை 1985 மே மாதம் மணந்திருந்தார். 1989இல் அந்த மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. இந்தச் செய்தியைச் சாவியாக வைத்து எல்லாப் பாடல்களையும் திறந்துவிடலாம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே வருபவன் மனைவியைக் குற்றம் சொல்வதே இல்லை. 'இவளை நம்பலாமா' என்று தொடங்கும் ஐயம், இரண்டு அடி தள்ளி 'என்னை நம்பலாமா' என்று திரும்பிவிடுகிறது. ஒரு ராக் பாடகர் தம் புகழின் உச்சியில் நின்றுகொண்டு இப்படி எழுதியதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

'காஷியஸ் மேன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பில் ஹார்ட்டன் என்பவன் ஒரு கையில் அன்பு என்றும், மறு கையில் அச்சம் என்றும் பச்சை குத்தியிருக்கிறான். மணம் முடித்து, வீடு கட்டி, ஓரிரவு கனவு கண்டு திடுக்கிட்டு விழிக்கிறான். மனைவி பக்கத்தில் உறங்குகிறாள். எழுந்து உடுத்திக்கொண்டு நெடுஞ்சாலைவரை போகிறான். அங்கே சாலையைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குகிறான். அவன் மனத்தில் இருந்த குளிர் போய்விட்டது என்று பாடல் நமக்கு உறுதி சொல்வதில்லை. சாலையை விடுதலையாகப் பாடியே பேர் வாங்கியவர், அந்தச் சாலைக்கு ஒருவனைக் கூட்டிப்போய் வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார். இப்பாடலில் கிதாரும் குரலும்தான் முன்னே நிற்கின்றன; சிந்தசைசர் அடக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது. முழு ஆல்பமும் இப்படி இருந்திருக்கக் கூடாதா?

எல்பியில் மட்டும் கிடைக்கும் ஓர் இன்பம் உண்டு. நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'வாக் லைக் எ மேன்'. கடற்கரை மணலில் தந்தையின் காலடிகளைப் பின்தொடர்ந்த சிறுவன், தன் திருமண நாளில் நின்று அந்தத் தந்தையை நினைக்கிறான். அத்துடன் பக்கம் முடிகிறது. எழுந்து போய் இசைத்தட்டைப் புரட்டி, ஊசியை வைக்கும்வரை அறையில் மௌனம். அடுத்து வருவது கேளிக்கைப் பூங்காவின் இருட்டுச் சுரங்கத்துக்குள் ஜோடியாகப் போகும் தலைப்புப் பாடல். திருமணத்துக்கும் அந்த இருட்டுக்கும் நடுவே நாம் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் ஆறாவது முடிந்த கையோடு ஏழாவது வந்துவிடுவதால் இந்த இடைவெளி காணாமல் போகிறது.

நியாயமாகப் பேச வேண்டுமானால், என் புகாருக்கு எதிரான சான்றும் ஒன்று உண்டு. பிற்காலத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் தனி நிகழ்ச்சி நடத்தியபோது, இந்த ஆல்பத்தின் இரண்டு பாடல்களைத் தம் மனைவி பாட்டி ஸ்கியால்ஃபாவுடன் சேர்ந்து பாடினார். அந்தப் பதிவு 2018இல் வெளிவந்தது. டிரம் மெஷின் இல்லை, பூச்சு இல்லை. நான் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது. ஆனால் 'பிரில்லியன்ட் டிஸ்கைஸ்' பாடலில் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்போது அந்த ஐயத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. 1987இன் பதிவில் அவன் தனியாக இருக்கிறான். உடன் மூச்சு விடுகிற ஒரு குழு இல்லாமல், தளராத இயந்திரத் தாளத்தோடு மட்டும் பாடுவதால் அவன் தனிமை கூடுகிறது என்று வாதிடலாம். 'ஒன் ஸ்டெப் அப்' கேட்கும்போது அந்த வாதத்தை ஏற்கிறேன். வீட்டில் கணப்பு எரியவில்லை, வெளியே வண்டி கிளம்பவில்லை என்று தொடங்கும் அப்பாடலுக்கு இதமற்ற அந்தத் தாளம் பொருந்தித்தான் இருக்கிறது. அடுத்த முறை 'டஃபர் தேன் த ரெஸ்ட்' ஒலிக்கும்போது என் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தனிமையைப் பதிவு செய்ய இது ஒன்றுதான் வழி என்றும் சொல்ல முடியாது. இதே மனிதர், 1982இல் வெளிவந்த 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை வீட்டில் அமர்ந்து நான்கு தட கேசட் கருவியில் பதிவு செய்தார். அதன் கரகரப்புக்கு இன்றும் வயதாகவில்லை. 'டனல் ஆஃப் லவ்' வெளிவந்த ஆண்டு எது என்று முதல் நிமிடத்திலேயே யாரும் சொல்லிவிடலாம்.

ஆகவே நண்பரே, இவருடைய ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தால், இன்றைய மனநிலையில் 'நெப்ராஸ்கா'வை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எழுதிய பாடல்கள் என்ற அளவில் 'டனல் ஆஃப் லவ்' அதைவிட ஒரு படி மேல் என்று நான் கருதுகிறபோதும் இதையே சொல்கிறேன். இதுதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், 1987இல் வந்த ஒற்றைத் தட்டுப் பதிப்பைத் தேடுங்கள். பழைய இசைத்தட்டு விற்பவர்களிடம் கிடைக்கக்கூடியதுதான். முதல் முறை கேட்கும்போது இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.