அருஷாவுக்கு 9 பேர்: கென்யாவின் தேர்வுமுறை எவ்வளவு தேறும்?

தான்சானியாவின் அருஷா நகரில் கூடும் கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டப்பேரவைக்கு ஒவ்வொரு உறுப்பு நாடும் 9 பேரை அனுப்புகிறது. மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. அந்தந்த நாட்டு நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, அதுவும் தன் உறுப்பினர் அல்லாதவர்களிலிருந்து. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்துகொள்ளலாம். இந்த முறைகளில் அதிகம் அடிபட்டுத் திருந்தியது கென்யாவுடையது. இப்போதைய வடிவத்துக்கு 5க்கு 3 மதிப்பெண் தரலாம். அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் விஷயம்.

முதலில் அளவுகோல். இந்த நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை உருவாக்கிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு, நாடாளுமன்றம் ‘தேர்ந்தெடுக்க’ வேண்டும் என்கிறது. வருகிற 9 பேர், முடிந்த அளவுக்கு, அவையிலுள்ள கட்சிகள், கருத்துப் போக்குகள், பாலினம், சிறப்புக் குழுக்கள் ஆகியவற்றைப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. வேட்பாளர் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். அமைச்சராகவோ அந்தச் சமூகத்தின் அலுவலராகவோ இருக்கக் கூடாது. பதவிக்காலம் 5 ஆண்டு, மறுமுறை ஒரு தடவை மட்டும். படிக்க எளிது. ஆனால் ‘தேர்ந்தெடுக்க வேண்டும்’, ‘பிரதிபலிக்க வேண்டும்’ என்ற இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அவை முழுவதும் வாக்களித்தால் பெரும்பான்மை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். கட்சிவாரியாகப் பங்கிட்டுக் கொடுத்தால் அது தேர்தலே இல்லை.

இரண்டாவது தவறைத்தான் கென்யா 2006இல் செய்தது. நார்க்குக்கு 5, கானுவுக்கு 3, ஃபோர்ட்-பீப்பிளுக்கு 1 என்று இடங்களைப் பிரித்து, கட்சிகள் தந்த பெயர்களை அவையின் அலுவல் குழு பட்டியலாக்கியது. அதோடு அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகக் கொள்ளப்பட்டார்கள். ஒரு வாக்குச்சீட்டுகூட விழவில்லை. வழக்கு கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 27 அன்று, பேரவை தொடங்கச் சில நாட்களே இருக்க, அந்த 9 பேரின் பதவியேற்புக்குத் தடை வந்தது. 2007 மார்ச் 30 தீர்ப்பு, நடந்தது தேர்தலே அல்ல என்றது. அதுவரை பேரவையே முடங்கிக் கிடந்தது. காரணம் குறைவெண் விதி, அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்): தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் இருந்தால் போதாது, ஒவ்வொரு நாட்டின் 9 பேரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரும், அதாவது 3 பேர், இருந்தாக வேண்டும். ஒரு நாடு ஆள் அனுப்பவில்லையென்றால் மற்ற எல்லா நாட்டாரும் வேலையில்லாமல் உட்கார வேண்டியதுதான். தன் வீட்டுத் தேர்தல் விதியைக் கவனமாக எழுதுவது அண்டை வீட்டுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

இப்போதைய முறை இப்படி நடக்கிறது. இரு பெரிய கூட்டணிகளின் பலத்தைப் பார்த்து 9 இடங்களும் பிரிக்கப்படுகின்றன. 2017இல் ஜூபிலிக்கு 5, நாசாவுக்கு 4. 2022இல் கென்யா குவான்சாவுக்கு 5, அசிமியோவுக்கு 4. ஒவ்வொரு கூட்டணியும் தன் இடங்களைப் போல மூன்று மடங்கு பெயர் தர வேண்டும்: 15ம் 12ம், ஆக 27 வேட்பாளர்கள். தேசிய சபையும் செனட்டும் தத்தம் அவையில், ஒரே நாளில், இரகசியமாக வாக்களிக்கின்றன. இரண்டையும் சேர்த்து எண்ணி, ஒரு பட்டியலில் முதல் 5 பேர், மற்றதில் முதல் 4 பேர்.

மூன்று மடங்கு என்ற விதி இம்முறையின் ஆகச் சிறந்த பாகம். அதன் அருமை தெரிய வேண்டுமானால் 2017 ஏப்ரலில் தான்சானியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். எதிர்க்கட்சியான சதேமா தன் 2 இடங்களுக்கு 2 ஆண்களை மட்டும் நிறுத்தியது. போட்டியே இல்லாததால் வாக்குச்சீட்டு ‘வேண்டும், வேண்டாம்’ என்றானது. பெரும்பான்மை இருவரையும் ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்டது. கட்சி புதிய பட்டியலோடு திரும்பி வந்து, மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பெண்கள் தேர்வானார்கள்.

இனி கோளாறு. கென்யாவில் எம்.பி. ஒவ்வொருவரும் இரண்டு பட்டியலிலும் வாக்களிக்கிறார். எதிரணியின் 12 பேரில் எந்த 4 பேர் போக வேண்டும் என்பதில் ஆளுங்கூட்டணிக்கும் கை உண்டு. உன் வீட்டுப் பந்தியில் எதைப் பரிமாறுவது என்று பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்வது போல. எதிர்த்தரப்பில் கடுமையாகப் பேசுபவர் தோற்று, இரு பக்கமும் நல்ல பிள்ளையாக இருப்பவர் ஜெயிக்க இது வழி செய்கிறது. பிரபலப் பெயருக்கும் கூடுதல் சாதகம்: 2022இல் அசிமியோ பட்டியலில் தேர்வானவர்களில் அக்கூட்டணியின் தலைவர்களான ரைலா ஒடிங்காவின் மகள் வின்னியும் கலோன்சோ முஸ்யோக்காவின் மகன் கென்னடியும் இருந்தார்கள். அவர்கள் தகுதியைப் பற்றிய பேச்சல்ல இது. விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறோம். உகாண்டாவில் இந்த நோய் இன்னும் முற்றியது. 2017இல் ஆளுங்கட்சி 6 இடம் எடுத்துக்கொண்டது. மீதி 3 இடமும் டிபி, யுபிசி என்ற கட்சிகளுக்கும் ஒரு சுயேச்சைக்கும் போக, அப்போது பெரிய எதிர்க்கட்சியாக இருந்த எஃப்டிசிக்கு ஒன்றும் இல்லை.

எதிர்க்கட்சி இடத்துக்கு எதிர்க்கட்சியினர் மட்டும் வாக்களிக்கட்டுமே என்று தோன்றும். அங்கேதான் 2006 குழி மறுபடி வாயைத் திறக்கிறது: தேர்ந்தெடுக்க வேண்டியது நாடாளுமன்றம், கட்சிக் கூட்டம் அல்ல என்று யாராவது வழக்குப் போட இடம் கொடுத்துவிடும்.

இரண்டையும் ஒருசேரத் தீர்க்கிற கருவி நமக்குப் பழக்கமானதுதான்: மாநிலங்களவைத் தேர்தலில் உள்ள ஒற்றை மாற்று வாக்கு. ஒருவருக்கு ஒரே வாக்கு, ஆனால் விருப்ப வரிசையோடு: வென்றவரின் உபரி வாக்கும் கடைசியில் நின்று நீக்கப்பட்டவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் 6 இடம் காலியாகும்போது 234 எம்.எல்.ஏ.க்களில் 34 பேர் கையில் இருந்தால் ஒரு இடம் நிச்சயம் என்பது அரசியல் பக்கம் படிக்கும் எவருக்கும் தெரியும். அதே கணக்கைக் கென்யாவுக்குப் போடலாம். தேசிய சபையில் 349, செனட்டில் 67, மொத்தம் 416 வாக்கு. இடங்களோடு ஒன்றைக் கூட்டி (10) வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்று சேர்த்தால் 42. அவை முழுவதும் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறது. ஆகவே அது தேர்தல். 42 பேர் ஒன்றாக நின்றால் தாங்கள் விரும்பியவரை அனுப்பலாம். எதிர்த்தரப்பால் தடுக்க முடியாது. கூட்டணிப் பங்கீடே தேவையில்லை. சுயேச்சைகளும் சின்னக் கட்சிகளும் கூடிச் சேரவும் வழி உண்டு.

குறையும் உண்டு. விகிதக் கணக்கில் ‘ஒன்றரை’யை இரண்டாக்கும் தாராளம் இதில் கிடையாது. சுமார் 390 பேர் அவையில் 70 பேர் வைத்திருந்த சதேமாவுக்கு, 40 என்ற வரம்பில் ஒரு இடம்தான் உறுதியாகியிருக்கும். இரண்டாவதற்குப் பிறர் தரும் அடுத்த விருப்பங்களை நம்ப வேண்டும். பெண்களுக்கான குறைந்தபட்சத்தையும் தனியே எழுத வேண்டும். ஒரே பாலினத்தார் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்ற கென்ய அரசமைப்பின் விதிப்படி 9இல் 3 பெண்கள் என்றால், எண்ணிக்கையில் வென்ற பெண்களும் களத்தில் மீதமுள்ள பெண்களும் சேர்ந்து மூவரே என்ற நிலை வந்ததும், அவர்களில் எவரையும் நீக்கக் கூடாது. அடுத்த குறைந்த வாக்குக்காரரை நீக்க வேண்டும். ருவாண்டா போலப் பெண்கள், இளைஞர், மாற்றுத்திறனாளிகள் மன்றங்களுக்குத் தலா ஒரு இடம் ஒதுக்குவது இதைவிட எளிது, ஆனால் கட்சிகளுக்கு 6 இடமே மிஞ்சும்.

நாள்காட்டியைப் பற்றி ஒரு சொல். 2017 ஜூனில் புதிய பேரவை தொடங்க வேண்டும். கென்ய நாடாளுமன்றமோ ஆளைத் தேர்ந்தெடுக்காமலே கலைந்து ஆகஸ்ட் பொதுத்தேர்தலுக்குப் போய்விட்டது. டிசம்பர் 14 அன்றுதான் 9 பேர் கிடைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாமதமே பேரவையின் காலத்தை டிசம்பருக்கு நகர்த்தி, 2022இல் கென்யாவின் தேர்தல் ஆண்டோடு ஒத்துப்போக வைத்தது. தற்செயலை நம்பாமல், ‘பேரவை காலம் முடிய 60 நாளுக்கு முன்’ என்று விதியிலேயே எழுதுவது மேல்.

பலரும் மறப்பது இடைத்தேர்தல். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ அந்த ஒரே இடத்துக்கு அவை வாக்களித்தால், அது எப்போதும் பெரும்பான்மைக்கே போகும். எதிர்க்கட்சியின் இடம் சத்தமில்லாமல் கைமாறும். டாஸ்மேனியாவிலும் மால்டாவிலும் பழைய வாக்குச்சீட்டுகளையே எடுத்து, விலகியவரைத் தேர்ந்தெடுத்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் யார் என்று எண்ணுகிறார்கள். அதற்குச் சீட்டுகளை முத்திரையிட்டு 5 ஆண்டும் செயலகத்தில் பாதுகாக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு.