கிரெஸ்போவா, பாடிஸ்டுடாவா?

அர்ஜென்டினாவின் இந்த இரு முன்கள கால்பந்து வீரர்களில் பலரும் முதலில் சொல்லும் பெயர் பாடிஸ்டுடா. 1993இல் அவர் ஆடிய இத்தாலிய அணி ஃபியோரென்டினா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் அணியைக் கைவிடவில்லை. அணி மீண்டு வந்ததும், 1994-95 பருவத்தில் 26 கோல்களுடன் இத்தாலிய லீகில் முதலிடம் பிடித்தார். ஆனால் லீக் பட்டத்துக்காக 2000இல் ரோமாவுக்குப் போக வேண்டியிருந்தது.

ஹெர்னான் கிரெஸ்போ ஓரிடத்தில் நிலைத்தவர் அல்லர். ரிவர் பிளேட், பார்மா, லாட்சியோ, இன்டர், செல்சி, ஏசி மிலான், ஜெனோவா என்று சட்டை மாறியது. கோல் அடிக்கும் பசி மாறவில்லை. தென் அமெரிக்க கிளப்புகளுக்கான 1996 லிபர்டடோரஸ் கோப்பை இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு கோல். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 1999 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் ஒன்று. லாட்சியோவில் தன் முதல் லீக் பருவத்திலேயே 26. இவற்றையெல்லாம்விட 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலானுக்காக அடித்த தன் இரண்டாவது கோலைத்தான் முதலில் வைப்பேன்: காகா அனுப்பிய நீண்ட பாஸை, முதல் தொடுதலிலேயே கோல்கீப்பருக்கு மேலாகத் தூக்கிவிட்டார். லிவர்பூல் 3-3 எனச் சமன் செய்து பெனால்டியில் வென்றதால் அந்தக் கோல் பின்னுக்குத் தள்ளப்பட்டது பெரிய அநியாயம்.

உலகக் கோப்பையில் பாடிஸ்டுடாவே மேல். 1994, 1998 இரண்டிலும் ஹாட்ரிக் அடித்தவர். 2002இல் பயிற்சியாளர் பியெல்சா இருவரையும் சேர்த்து ஆடவிடவில்லை. ஸ்வீடனுக்கு எதிராக மாற்று வீரராக வந்த கிரெஸ்போ கோல் அடித்தும் அர்ஜென்டினா வெளியேறியது.

விசுவாசத்துக்குப் பாடிஸ்டுடா. எந்த அணியிலும் கோல் அடிக்கும் திறனுக்கு, என் தேர்வு கிரெஸ்போ.