கேனான் 100-400: பழசை வாங்குவதா, புதுசை வாங்குவதா?

தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இது, பழசு, புதுசு என இரண்டு பதிப்பு உண்டு. இரண்டையும் நான் காசு கொடுத்து வாங்கி, வெயிலிலும் மழையிலும் தூக்கித் திரிந்திருக்கிறேன். 1998இல் வந்த கேனான் இஎஃப் 100-400 எல் ஐஎஸ் என்னிடம் ஆறு வருடம் இருந்தது. 2014 கடைசியில் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாவது பதிப்பை வாங்கி நாலு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு மாதம் பழசை விற்க மனசு வராமல் இரண்டையும் வைத்திருந்தேன், ஒரே கேமரா பாடியில் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே பறவைகளை எடுத்தேன், கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதுதான். போன வாரம் பள்ளிக்கரணையில் ரேடியல் சாலை ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து, "அண்ணா, பழசு பாதி விலைக்கும் கம்மியா வருது, வாங்கிடலாமா?" என்று கேட்டான். லாரிச் சத்தத்துக்கு நடுவே அவசரமாகச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் இருக்கிற பணம் எட்டுமென்றால் இரண்டாவது பதிப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். எட்டவில்லையா, சுத்தமான ஒரு முதல் பதிப்பைத் தேடிப் பிடித்து வாங்குங்கள், காசு சேரட்டும் என்று இரண்டு சீசனை வீட்டில் உட்கார்ந்து கழிக்காதீர்கள். ஆனால் 'சுத்தமான' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கையில் எடுத்ததும் தெரிகிற வித்தியாசம் ஜூம். பழசில் ஜூமுக்கு வளையத்தைத் திருக வேண்டியதில்லை, குழலைப் பிடித்து முன்னால் தள்ளினால் 400, பின்னால் இழுத்தால் 100. எவ்வளவு இறுக்கமாக நகர வேண்டும் என்பதை மட்டும் தனியாக ஒரு வளையத்தில் வைத்துக்கொள்ளலாம். தள்ளி இழுக்கும்போதெல்லாம் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும் என்று இதற்குத் 'தூசி பம்ப்' என்றே பட்டப்பெயர் உண்டு. ஆறு வருடத்தில் என் லென்ஸுக்குள்ளும் தூசி போயிருந்தது, ஆனால் முன் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த அந்த நாலைந்து துகளால் ஒரு படம்கூடக் கெடவில்லை. எனக்கு அந்தத் தள்ளு ஜூம் மிகவும் பிடிக்கும். சேற்றுப் பூனைப்பருந்து நாணலுக்கு மேலே தாழப் பறந்து வரும்போது 100இல் பறவையைப் பிடித்துவிட்டு ஒரே தள்ளில் 400க்குப் போய்விடலாம், எடையைத் தாங்குகிற இடது கையே ஜூமையும் பார்த்துக்கொள்ளும். புதுசில் வளையத்தைத் திருக வேண்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக என் கை ஒருமுறை பிடி மாற்ற வேண்டியிருக்கிறது, முதல் மாதத்தில் அதனாலேயே சில பறவைகளை விட்டேன். இப்போது பழகிவிட்டது, என்றாலும் பறக்கிற பறவைக்குப் பழைய முறைதான் மேல் என்று இன்றும் சொல்வேன்.

அடுத்தது எல்லோரும் கேட்கிற ஷார்ப்னஸ். 400 மி.மீ.யில் எஃப் 5.6இல், அதாவது லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து வைத்து எடுத்தால் புதுசு தெளிவாக முந்துகிறது. நெடுங்கால் உள்ளானின் கண்ணில் இருக்கிற சிவப்பு, இறகின் ஓரம், எல்லாம் அப்படியே வந்துவிடும். பழசில் அதே படம் கொஞ்சம் பால் கலந்தது போல மென்மையாக இருக்கும், துளையைச் சுருக்கி எஃப் 7.1 அல்லது 8க்கு வந்தால் நன்றாகத் தெளிந்துவிடும். அப்படியானால் பழசே போதுமே என்று தோன்றலாம், காலை எட்டு மணி வெயிலில் போதும்தான். ஆனால் 5.6இலிருந்து 8க்குப் போவது ஒரு முழு ஸ்டாப், அதாவது உள்ளே வருகிற வெளிச்சம் பாதியாகிவிடும், புதுசில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800இல் எடுக்கிற படத்தைப் பழசில் 1600இல் எடுக்க வேண்டிவரும், விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் அந்தக் கணக்கு நோய்ஸாக, புள்ளிப் புள்ளியாகப் படத்தில் வந்து உட்காரும். பாடியையும் பார்க்க வேண்டும். 18 மெகாபிக்சல் 700டியில் எனக்கு இரண்டுக்கும் பெரிய தூரம் தெரியவில்லை, அதே லென்ஸ்களை 32.5 மெகாபிக்சல் 90டியில் போட்டபோது பழசு திணறுவது வெளிப்படையாகத் தெரிந்தது, பிக்சல்கள் நெருக்கமாக இருக்கிற சென்சார் லென்ஸின் குறையையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு விஷயம், பழசை வைத்திருக்கிறவர்கள் இதை உடனே செய்து பாருங்கள். முன்னால் மாட்டியிருக்கிற யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். கடைக்காரர் "கண்ணாடிக்குப் பாதுகாப்பு சார்" என்று சேர்த்துக் கொடுத்த ஃபில்டரோடு நான் ஒன்றரை வருடம் சுற்றினேன், 400இல் எடுத்த ஒரு படமும் திருப்தியாக இல்லை, லென்ஸே மோசம் என்று விற்கவே கிளம்பிவிட்டேன். கழற்றிவிட்டு எடுத்த முதல் நாளே வேறு லென்ஸ் போல இருந்தது. பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹூடு போதும்.

அப்புறம் கானல். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பத்து மணிக்கு மேல் சதுப்பின் மீதும் தண்ணீரின் மீதும் சூடான காற்று நெளிய ஆரம்பித்துவிடும், தூரத்துப் பூநாரைக் கூட்டம் அலையடிப்பது போலத்தான் பதிவாகும். அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. கானல் வழியாக எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பழைய லென்ஸைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் புதுசை வாங்கினாலும் அந்த நேரத்தில் அதே படம்தான் கிடைக்கும். விடிந்ததும் போங்கள், பறவைக்குக் கிட்டத்தில் நில்லுங்கள்.

ஐஎஸ், அதாவது கை ஆட்டத்தைச் சமன்செய்கிற வசதி, அந்த விஷயத்தில்தான் பதினாறு வருட இடைவெளி நன்றாகத் தெரிகிறது. பழசு இரண்டு ஸ்டாப், புதுசு நாலு ஸ்டாப் என்று கேனான் சொல்கிறது. கணக்காகப் பார்த்தால், சென்சார் சின்னதாக இருக்கிற 1.6 கிராப் பாடியில் 400 மி.மீ. என்பது 640 மாதிரி, கை ஆட்டம் தெரியாமல் எடுக்க நொடியில் 640இல் ஒரு பங்கு ஷட்டர் ஸ்பீடு வேண்டும், பழசில் அதை 160 வரை இறக்கலாம், புதுசில் 40 வரை. வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் மழை விட்ட ஒரு சாயங்காலம், சிங்கவால் குரங்கு ஒன்று பலாப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது, மரத்தடியில் வெளிச்சமே இல்லை. புதுசில் 60இல் எடுத்த பத்தில் ஆறேழு படம் ஷார்ப்பாக வந்தது, அதே மாதிரி வெளிச்சத்தில் பழசோடு போன வருடங்களில் 160க்குக் கீழே இறங்கவே எனக்குத் தைரியம் வந்ததில்லை. பறவை இறக்கையடிக்கிறதென்றால் ஐஎஸ் எத்தனை ஸ்டாப் இருந்தாலும் உதவாது, அதற்கு 2000 மாதிரி வேகம்தான் வேண்டும். பழசை டிரைபாடில் வைத்தால் ஐஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், அணைக்காவிட்டால் படம் தானாகவே மெல்ல நகரும். புதுசில் மூன்றாவது மோடு ஒன்று இருக்கிறது, ஷட்டர் திறக்கிற நொடியில் மட்டும் வேலை செய்யும், வியூஃபைண்டரில் பறவையைத் துரத்தும்போது இழுபறி இருக்காது, எனக்கு அது நிரந்தரமாகவே மூன்றில்தான்.

சரி, என்னைப் பொறுத்தவரை புதுசுக்குக் கொடுத்த காசு முழுக்க நியாயமாகிற இடம் வேறு. கிட்டத்து ஃபோகஸ். பழசு 1.8 மீட்டருக்குக் கிட்டே வந்தால் பிடிக்காது, புதுசு 98 சென்டிமீட்டர் வரை பிடிக்கும். காகிதத்தில் இது சின்ன விஷயமாகத் தெரிந்தது, அதனால் வாங்கும்போது நான் கவனிக்கவே இல்லை. கிராப் பாடியில் பழசால் சுமார் 11 செ.மீ. அகலத்தைச் சட்டம் முழுக்க நிரப்பலாம் என்றால் புதுசால் சுமார் 7 செ.மீ. அகலத்தை நிரப்பலாம், அதுவும் 400 மி.மீ.யில், உயிரை மிரட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. ஒரு தட்டான் சட்டத்தை நிரப்பிவிடும், அதன் கூட்டுக்கண், சிறகு நரம்பு, எல்லாம். நாணல் நுனியில் வந்து உட்கார்ந்த தட்டானை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் அதே லென்ஸில் நீலத் தாழைக்கோழி, லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை, பையில் தனியாக மேக்ரோ வேண்டியதில்லை. பறவைக்காகப் போய், பறவை வராத நாட்களில் வெறும் கையோடு திரும்பிய எனக்கு இந்த லென்ஸ் பட்டாம்பூச்சியையும் ஓணானையும் தவளையையும் கற்றுக்கொடுத்தது. நான் இப்போது காட்டில் நடக்கிற விதமே மாறிவிட்டது, கீழேயும் பார்த்து நடக்கிறேன்.

புதுசின் குறை என்று பார்த்தால், பழசைவிட ஏறக்குறைய 200 கிராம் கூடுதல், முழு நாள் தூக்கினால் தோளுக்குத் தெரியும். டிரைபாட் வளையத்தைக் கழற்ற முடியாது, அடியில் இருக்கிற காலை மட்டும்தான் கழற்றலாம். ஹூடின் ஓரத்தில் போலரைசர் ஃபில்டரைத் திருகுவதற்கென்று ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பயன்பட்டதே இல்லை. ஆட்டோஃபோகஸ் புதுசில் வேகம், பழசிலும் மோசமில்லை. 1.4 எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி எட்டத்தை 1.4 மடங்காக்குவது) போட்டால் இரண்டுமே 560 மி.மீ. எஃப் 8 ஆகிவிடும், 700டி மாதிரிப் பாடியில் எஃப் 8இல் ஆட்டோஃபோகஸே கிடையாது, 7டி மார்க் 2இல் நடுப்புள்ளி மட்டும், எனவே பாடியைப் பார்க்காமல் எக்ஸ்டெண்டர் வாங்காதீர்கள்.

இப்போது செகண்ட் ஹேண்ட். கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், நம்முடைய எதிரி ஃபங்கஸ். முதல் பதிப்பை நான் முதலில் ஒரு கடையில் வாங்கினேன், பெட்டி, பில், வெளியில் ஒரு கீறல் இல்லை, பத்து நாள் கழித்துப் பின் கண்ணாடி வழியாகச் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள், சுத்தம் செய்ய ஆன செலவு என்னுடையது, ஃபங்கஸ் கோட்டிங்கை அரித்த தடம் கடைசிவரை போகவில்லை. அதனால் வாங்குமுன் இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். இஎஃப் லென்ஸில் கழற்றி வைத்தாலும் அபெர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும், பார்ப்பது எளிது. தூசி இருந்தால் பரவாயில்லை, நூல் மாதிரியோ பனி படர்ந்த மாதிரியோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு உங்கள் பாடியில் மாட்டி 100, 200, 400 ஒவ்வொன்றிலும் எஃப் 8 வைத்து நாலு படம் எடுங்கள், உள்ளே இருக்கிற கேபிள் தேய்ந்திருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் எர்ரர் 01 என்று பாடி நின்றுவிடும். 400க்குத் தள்ளிப் பிடித்துக் குழலை ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடக்கூடாது. பின்பக்கம் அச்சடித்த எழுத்துகளில் இரண்டாவது எழுத்து வருடத்தைச் சொல்லும், டபிள்யூ என்றால் 2008, இசட் என்றால் 2011, முடிந்தவரை பின்னால் வந்ததைப் பாருங்கள், பழைய லென்ஸுக்கு உதிரி பாகம் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. வாங்கியதும் பையிலேயே போட்டு வைக்காதீர்கள், டிரை கேபினட் இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி மடக்கு இல்லாத) பாடிக்குப் போய்விட்டவர்கள் அதற்கென்றே வந்த ஆர்எஃப் 100-500 லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள். 2020இல் வந்தது, இந்த இரண்டையும்விட நல்ல லென்ஸ்தான், விலை வேறு உலகம். அடாப்டர் போட்டால் இரண்டாவது பதிப்பு அந்தப் பாடிகளில் குறையில்லாமல் வேலை செய்கிறது, எனக்கு இப்போதைக்கு அது போதும்.

அந்தத் தம்பியிடம் இருப்பது 700டி, எடுப்பது பெரும்பாலும் பறக்கிற பறவை, காலை வெயிலில். அவனுக்கு முதல் பதிப்பே போதும், டார்ச்சோடு வா, நானும் கூட வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னுடைய பழசை, கோட்டிங்கில் இருந்த தடத்தைக் காட்டிச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு மதுராந்தகம் பக்கத்து ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்தேன். போன ஜனவரியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து அவர் ஒரு படம் அனுப்பினார், கூட்டுக்குச் சுள்ளி கொண்டு இறங்குகிற கரண்டிவாயன், அலகில் சுள்ளியின் பட்டை உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. 400 மி.மீ., எஃப் 8, ஃபில்டர் இல்லாமல்.